பெயர் போடாமல் பேனா பிடித்த தலைமை நீதிபதி: கேள்வி பதில்

போன வாரம் ஜான் மார்ஷலின் கடிதங்களைப் பற்றி நாலு வரி எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. புதிதாக வருபவர்களுக்கு முன்கதை இதுதான். மார்ஷல் 1801 முதல் 1835-ல் இறக்கும்வரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. 1819-ல் தன்னுடைய தீர்ப்பு ஒன்றைப் பத்திரிகையில் சிலர் கிழித்துத் தொங்கவிட்டபோது, புனைபெயரில் அவரே உட்கார்ந்து பதில் எழுதினார். அதை அச்சுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சக நீதிபதி. இது நமக்குத் தெரிவதே மார்ஷல் எழுதிய கடிதங்களால்தான். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

வங்கி ஊழியர் ஒருவர்: ஏதோ வங்கி வழக்கு என்றீர்களே, என்ன வழக்கு சார்?

மெக்கல்லக் எதிர் மேரிலாந்து. தீர்ப்பு நாள் 1819 மார்ச் 6. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1816-ல் ஒரு தேசிய வங்கியைத் தொடங்கியது. அதன் பால்டிமோர் கிளை மேரிலாந்து மாநிலத்துக்குப் பிடிக்கவில்லை. 1818-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: மாநில அனுமதி இல்லாத வங்கி முத்திரைத் தாளில்தான் நோட்டு அச்சிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டுக்கு 15,000 டாலர் கட்ட வேண்டும். கிளையின் காசாளர் ஜேம்ஸ் மெக்கல்லக் கட்டவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது.

ஒன்பது நாள் வாதம். அது முடிந்த மூன்றாம் நாளே தீர்ப்பு. வங்கி தொடங்க காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டு, அதன்மேல் வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று நீதிபதிகள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். எழுதியவர் மார்ஷல்.

நீங்கள் வங்கிக்காரர் என்பதால் ஒரு கொசுறு: அந்த மெக்கல்லக்கும் கூட்டாளிகளும் கிளைப் பணத்தை முறைகேடாகச் சுருட்டியிருந்தது பிறகு வெளியே வந்தது. அரசியல் சட்டப் பாடப் புத்தகங்களில் நிரந்தரமாக இடம்பிடித்த பெயர் அவருடையது!

சட்டக் கல்லூரி மாணவி: வழக்கில் தோற்றது மேரிலாந்து. கோபம் வந்தது வர்ஜீனியாவுக்கு. ஏன்?

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள் அம்மா. மார்ஷலும் இதையேதான் கேட்டுக்கொண்டார். மார்ச் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றச் சக நீதிபதி புஷ்ராட் வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்ததில் வர்ஜீனியா அரசியல்வாதிகளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆட்சியில் இருக்கும் அவர்களுடைய ஆட்களே அதைத்தான் விரும்பினார்கள் என்கிறார். அவர்கள் எதிர்பார்த்தது காரணம் எதுவும் சொல்லாமல் கைகட்டி வாய்பொத்தி நிற்கும் தீர்ப்பு. நாம் காரணம் சொல்லித் தொலைத்துவிட்டோம், அதுதான் குற்றம் என்று குத்தலாக எழுதுகிறார். பத்திரிகைகளில் நம்மைத் திட்டித் தீர்ப்பார்கள், நம் பக்கம் பேச ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்றும் அதே கடிதத்தில் சொல்லிவிட்டார்.

நடந்தது அதுவேதான். ஆனால் வர்ஜீனியாக்காரர்களின் பயத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. அரசியல் சட்டத்தில் 'தேவையான, பொருத்தமான' சட்டங்களைக் காங்கிரஸ் இயற்றலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. மார்ஷல் 'தேவையான' என்ற சொல்லுக்கு மிக அகலமாகப் பொருள் சொன்னார். இன்று வங்கி, நாளை என்ன? அந்த 1819 பிப்ரவரியில்தான் மிசௌரியை மாநிலமாகச் சேர்க்கும்போது அங்கே அடிமைமுறைக்குக் கட்டுப்பாடு போடலாமா என்ற சண்டை காங்கிரஸில் தொடங்கியிருந்தது. மாநில உரிமை என்று வர்ஜீனியாவில் ஒருவர் பேசினால், அதற்குள்ளே அடிமைகளை வைத்திருக்கும் உரிமையும் உட்கார்ந்திருந்தது.

பழைய பத்திரிகைப் பிரியர்: தாக்கி எழுதியவர்கள் யார்? அவர்களும் புனைபெயர்தானா?

எல்லாரும் புனைபெயர்தான். களம் வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டில் வந்த ரிச்மண்ட் என்கொயரர் பத்திரிகை, ஆசிரியர் தாமஸ் ரிட்சி. மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் 'ஆம்ஃபிக்டியான்' என்ற பெயரில் இரண்டு கட்டுரைகள் வந்தன. பழைய கிரேக்க நகரங்களின் கூட்டவையை நினைவூட்டும் பெயர். எழுதியவர் வில்லியம் பிராக்கன்பரோ என்று கருதப்படுகிறது. அவரும் ஒரு நீதிபதி.

ஜூன் 11 முதல் 22 வரை 'ஹாம்ப்டன்' என்ற பெயரில் நான்கு கட்டுரைகள். ஹாம்ப்டன் என்பவர் 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ் கேட்ட கப்பல் வரியைக் கட்ட மறுத்தவர். அந்தப் பெயருக்குள் ஒளிந்திருந்தவர் ஸ்பென்சர் ரோன், வர்ஜீனியாவின் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி, ரிட்சிக்கு உறவினர். 'ஒளிந்திருந்தவர்' என்று நான் சொல்வது மரியாதைக்குத்தான். கையெழுத்தே போட்டதுபோல எல்லாரும் அவர் பெயரைச் சொல்கிறார்கள் என்று மார்ஷல் எழுதுகிறார். ரோனுக்கும் மார்ஷலுக்கும் ஊர் ஒன்று, ரிச்மண்ட்.

ஆக, தாக்கியவர்கள் நீதிபதிகள். தாக்கப்பட்டவர் நீதிபதி. மூன்று பேரும் முகமூடி.

அரசு அலுவலர்: தலைமை நீதிபதி எப்படி யாருக்கும் தெரியாமல் பத்திரிகைக்கு அனுப்பினார்? படிப்படியாகச் சொல்லுங்களேன்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன்.

அந்தக் காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் வாஷிங்டனில் சில வாரங்கள்தான் கூடுவார்கள். மற்ற மாதங்களில் ஆளுக்கொரு வட்டாரத்துக்குப் போய் வழக்குக் கேட்பார்கள். புஷ்ராட் வாஷிங்டனுக்கு ஃபிலடெல்ஃபியா வட்டாரம். ஜார்ஜ் வாஷிங்டனுடைய அண்ணன் தம்பி வழி மகன் இவர், மவுண்ட் வெர்னான் வீடு இவருக்குத்தான் வந்தது. மார்ஷல் ஆம்ஃபிக்டியானுக்கு 'ஒன்றியத்தின் நண்பன்' என்ற பெயரில் இரண்டு கட்டுரைகள் எழுதி இவருக்கு அனுப்பினார். இவர் ஃபிலடெல்ஃபியாவில் பிரான்சன் என்ற பத்திரிகை ஆசிரியரிடம் கொடுத்தார். ஏப்ரல் கடைசியில் அச்சில் வந்தது.

வந்ததைப் பார்த்து மார்ஷல் தலையில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். மே 6-ஆம் தேதிக் கடிதத்தைப் பாருங்கள்: பிரான்சன் முதல் கட்டுரையின் நடுப்பகுதியை வெட்டி இரண்டாவதன் நடுவில் செருகிவிட்டார், அப்புறம் தான் ஓரவஞ்சனை பார்க்கிறவர் இல்லை என்று காட்ட இரண்டாவதன் நடுவை வெட்டி முதலாவதில் போட்டுவிட்டார் என்கிறார். கறியும் காயும் எல்லாமாகச் சேர்த்து ஸ்பெயின்காரர்கள் வைக்கும் குழம்பு ஒன்றின் பெயரைச் சொல்லி, பண்டம் நல்லதாக இருந்தும் இவர் கலந்த கலவையில் அறிவின் நாக்குக்குக் குமட்டுகிறது என்று முடிக்கிறார். தீர்ப்புகளில் கல்லாகத் தெரியும் மனிதர், கடிதத்தில் இப்படி!

பிறகு அதையே சரியான வரிசையில் அலெக்ஸாண்ட்ரியா கெஸட் பத்திரிகையில் மே நடுவில் மறுபடி போட வைத்தார்கள். மவுண்ட் வெர்னானுக்குப் பக்கத்து ஊர், புஷ்ராட் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம்.

ஹாம்ப்டன் வந்ததும் மார்ஷலுக்குப் பொறுக்கவில்லை. ஜூன் 17-ஆம் தேதி எழுதும்போது புயல் நீதிபதிகள் தலையில் வெடித்துவிட்டது என்கிறார். வேறு எந்த விஷயத்திலும் இல்லாத வேகம் இதில் எனக்கு வருகிறது, நோக்கம் நீதிபதிகளைக் காயப்படுத்துவதும் அரசியல் சட்டத்தைச் சிதைப்பதும்தான் என்கிறார். 'அரசியல் சட்டத்தின் நண்பன்' என்ற பெயரில் ஜூன் 30 முதல் ஜூலை 15 வரை அலெக்ஸாண்ட்ரியா கெஸட்டில் ஒன்பது கட்டுரைகள் வந்தன.

வெளிவரும் ஒவ்வொரு இதழிலும் இரண்டு பிரதி வேண்டும் என்று கேட்டவர், தன் முகவரிக்கு அனுப்பாதே என்றார். ஃபாக்கியர் மாவட்டம் ஓக் ஹில்லில் இருந்த மகன் தாமஸ் பெயருக்குப் போகட்டும், எனக்கு வந்தால் யார் எழுதியது என்று சந்தேகம் வரும் என்றார். ரிச்மண்ட் தபால் நிலையத்தில் அலெக்ஸாண்ட்ரியா பத்திரிகைக் கட்டு தலைமை நீதிபதி பெயருக்கு வந்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடாதா?

வழக்கறிஞர் ஒருவர்: இவ்வளவு சிரமம் எதற்கு? நீதிமன்ற அவமதிப்பு என்று ரிட்சியை இழுத்திருக்கலாமே ஐயா?

இழுத்திருந்தால் ரிட்சிக்குப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்கும். அமெரிக்காவில் அதைச் செய்து பார்த்த ஒருவரும் இருந்தார், மிசௌரியில் கூட்டரசு நீதிபதி ஜேம்ஸ் பெக். 1826-ல் தன் தீர்ப்பை விமர்சித்துப் பத்திரிகையில் எழுதிய லாலெஸ் என்ற வழக்கறிஞரை அவமதிப்புக்காக 24 மணி நேரம் சிறையில் வைத்து, 18 மாதம் தொழில் செய்யவும் தடை போட்டார். கடைசியில் பதவிநீக்க விசாரணை வந்தது அவர்மேல்தான். 1831 ஜனவரியில் செனட்டில் எதிராக 21, ஆதரவாக 22. தப்பித்தார், அவ்வளவுதான். அதே ஆண்டு மார்ச்சில் காங்கிரஸ் அவமதிப்பு அதிகாரத்தையே சுருக்கிச் சட்டம் இயற்றியது.

மார்ஷலுக்குப் பதவிநீக்கப் பயம் புதிதல்ல. சக நீதிபதி சாமுவேல் சேஸ்மேல், அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜெஃபர்சனின் கட்சியினர் பதவிநீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவந்தபோது, சேஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஆச்சரியமான ஒரு வரி இருக்கிறது. நீதிபதியை நீக்குவதைவிட, பிடிக்காத தீர்ப்பைச் சட்டமன்றமே மாற்றிக்கொள்ளும் மேல்முறையீட்டு அதிகாரம் இருந்தால் தேவலை என்கிறார். சட்டம் செல்லுமா என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை என்று 1803-ல் தீர்ப்பெழுதிய அதே கை! 1805-ல் சேஸ் விடுவிக்கப்பட்டார், மார்ஷல் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: கட்டுரைகளில் அப்படி என்னதான் வாதாடினார்?

பெரும்பகுதி தீர்ப்பில் சொன்னதையே நீட்டிச் சொல்வதுதான். ஒன்றியத்தை உண்டாக்கியது மாநில அரசுகளா, மக்களா என்ற பழைய சண்டை. நேராகச் சொன்னால், ஒன்பதில் நாலைந்து சலிப்பூட்டும்.

ஆனால் ஓர் இடம் சுவையானது. ஆம்ஃபிக்டியான் ஒரு சந்தேகத்தைக் கிளப்பியிருந்தார்: முடிவை நீதிபதிகள் எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கலாம், மார்ஷல் சொன்ன காரணங்களை எல்லாரும் ஒப்புக்கொண்டார்களா? முன்பெல்லாம் நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு வாசிப்பார்கள், மார்ஷல் வந்தபிறகு ஒருவர் எழுதுவது நீதிமன்றத்தின் குரல் என்றாகிவிட்டது. மார்ஷல் பதில் சொல்கிறார்: நீதிமன்றத்தின் பெயரில் வருகிற தீர்ப்பை முன்கூட்டியே எல்லா நீதிபதிகளுக்கும் காட்டியாக வேண்டும், ஒரு பகுதி பிடிக்காவிட்டால் அதைத் திருத்தி எல்லாரும் ஏற்கும்படி செய்தபிறகுதான் வாசிக்க முடியும்.

அன்றைய உச்ச நீதிமன்றத்துக்குள் தீர்ப்பு எப்படி உருவானது என்பதற்கு இது முதல் தரச் சாட்சியம். யாரோ வெளியாள் ஊகமாகச் சொல்வதுபோல எழுதியிருக்கிறார்.

அதே சட்டக் கல்லூரி மாணவி: அப்படியென்றால் இது நேர்மையா? தன் தீர்ப்பைத் தானே, மூன்றாம் மனிதர் மாதிரி புகழ்வது?

விடமாட்டீர்கள் போலிருக்கிறது! புனைபெயரில் எழுதுவது அன்றைய வழக்கம், அதில் குறையில்லை. நான் காக்க நினைத்தது என்னை அல்ல, நீதிமன்றத்தை என்று அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கோட்டையை உடைக்க வருகிறவன் பலவீனமான மூலையில்தான் அடிப்பான், பதவி கொடுத்து ஆள் சேர்க்க வழியில்லாத நீதித்துறைதான் அந்த மூலை என்று ஒன்பதில் முதல் கட்டுரையிலேயே எழுதுகிறார். வழக்குக்கு முன்பே தன் கையிலிருந்த வங்கிப் பங்குகளை விற்றுவிட்டவரும்தான்.

ஆனாலும் எனக்கு நெருடுகிறது. அடுத்த ஆண்டு இதே கேள்வி வேறு வழக்காக வந்து நின்றால் விசாரிப்பவரும் அவர்தானே. புஷ்ராட் விஷயமும் அப்படித்தான். கடிதங்களைப் படிக்கும்போது தெரிவது, சொந்த ஊர்க்காரர்கள் தன்னைச் சந்தேகப்பட்டதில் அவருக்கு ஏற்பட்ட வலி. அதை முழுக்க 'நீதிமன்றத்தின் நலன்' என்ற கணக்கில் எழுதிவிட முடியாது.

கல்லூரி வரலாற்று மாணவர்: ஜெஃபர்சன் எங்கே இதில்?

திரைக்குப் பின்னால், தம்பி. செப்டம்பரில் ரோனுக்கு எழுதிப் பாராட்டுகிறார். நீதிபதிகள் சொல்வதே முடிவு என்றால் அரசியல் சட்டம் அவர்கள் கையில் மெழுகு, விரும்பிய வடிவத்துக்கு முறுக்கிக்கொள்வார்கள் என்று எழுதினார். ஜெஃபர்சனும் மார்ஷலும் தாய்வழி உறவினர்கள், ஒருவரை ஒருவர் துளியும் நம்பாதவர்கள்.

1821-ல் மாநில நீதிமன்றத் தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் மறுஆய்வு செய்யலாம் என்ற கோயன்ஸ் எதிர் வர்ஜீனியா தீர்ப்பு வந்ததும் ரோன் 'அல்ஜர்னன் சிட்னி' என்ற பெயரில் மறுபடி பாய்ந்தார். அந்த முறை மார்ஷல் தன் ஆற்றாமையை நீதிபதி ஜோசஃப் ஸ்டோரிக்கு எழுதிய கடிதங்களில் கொட்டினார். ரோன் 1822 செப்டம்பரில் இறந்தார்.

நூலகர்: ரகசியம் எப்போது உடைந்தது? எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

அலெக்ஸாண்ட்ரியா கெஸட்டில் வந்த ஒன்பது கட்டுரைகளும் 150 ஆண்டு கழித்து, 1969-ல்தான் மார்ஷல் பெயரோடு வெளியாயின. தேடி எடுத்தவர் ஸ்டான்ஃபோர்டு சட்டப் பேராசிரியர் ஜெரால்டு குந்தர். மார்ஷல் தன்னிடம் வந்த தாள்களைப் பத்திரப்படுத்துகிற ஆள் இல்லை. அவர் மற்றவர்களுக்கு அனுப்பியவை அங்கங்கே தங்கியதால்தான் நமக்கு இவ்வளவாவது கிடைத்தது. அவருடைய ஆவணங்கள் இப்போது 12 தொகுதிகளாக இருக்கின்றன.

கட்டுரைகளில் தொடங்காதீர்கள், தூங்கிவிடுவீர்கள். புஷ்ராட்டுக்கு எழுதிய மே 6-ஆம் தேதிக் கடிதத்தை முதலில் எடுங்கள், அந்தக் குழம்புக் கடிதம். அடுத்து ஜூன் 17. அதற்குப் பிறகும் மனம் ஓடினால், ஒன்பதில் முதல் கட்டுரை.