கீழே விழுந்த யோயோ ஆடுகிறது, சரிசெய்ய முடியுமா?

கேள்வி: ஏழாவது படிக்கும் என் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக 1,400 ரூபாய்க்கு ஒரு அலுமினிய யோயோ ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தோம். பேரிங் வைத்தது. மூன்று வாரம் அருமையாகச் சுற்றியது. போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நூல் அறுந்து சிமெண்ட் தரையில் விழுந்துவிட்டது. அதிலிருந்து சுற்றும்போதெல்லாம் ஆடுகிறது, விரலில் கிர்ரென்று அதிர்கிறது. விளிம்பில் சின்னதாக ஒரு ஒடுக்கும் இருக்கிறது. மாற்றித் தரச்சொல்லிக் கேட்கலாமா? புதிதுதான் வாங்கவேண்டுமா? மகள் இரண்டு நாளாக அழுதுகொண்டிருக்கிறாள்.
– வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்குப் புதிது வாங்காதீர்கள். பாப்பாவிடமும் சொல்லுங்கள், அது பிழைத்துக்கொள்ள நிறைய வாய்ப்பு இருக்கிறது.

கண்ணுக்குத் தெரிவது விளிம்பில் விழுந்த ஒடுக்கு என்பதால், ஆட்டத்துக்கும் அதுதான் காரணம் என்று தோன்றும். பல நேரம் அப்படி இல்லை. இரண்டு பாதிகளையும் நடுவில் பிடித்துக்கொண்டிருக்கும் அச்சுத் திருகு லேசாக வளைந்திருக்கும், அல்லது அது உட்கார்ந்திருக்கும் இடம் சாய்ந்திருக்கும். 55 மி.மீ. விட்டமுள்ள யோயோவில் அச்சு ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால்கூட விளிம்பு கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் விலகிவிடும். நெடுநேரம் சுற்றவேண்டும் என்பதற்காக எடையை விளிம்புப் பக்கமாக வைத்துச் செய்த பொருள் இது. அதனால் அந்த அரை மில்லிமீட்டரே விரலை அதிரவைக்கப் போதும். சைக்கிள் வீலில் கோட்டம் விழுந்தால் கடைக்காரர் ரிம்மைச் சுத்தியலால் அடிப்பதில்லை, ஸ்போக்கைத்தான் இறுக்கித் தளர்த்துவார். இங்கேயும் விளிம்பை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள்.

மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, யோயோவை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிக் கழற்றுங்கள். சில மாடல்களில் பேரிங்குக்கு இருபுறமும் மெல்லிய வளையங்கள் இருக்கும், அவை உருண்டு ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நூலிலிருந்து உதிர்ந்த பஞ்சு பேரிங் உட்காரும் இடத்தில் சேர்ந்திருந்தால் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். அங்கே ஒரு மணல் துகள் இருந்தாலும் பேரிங் சாய்ந்துதான் உட்காரும். நூல் உரசுகிற சிலிக்கோன் பேடு ஒரு பக்கம் பெயர்ந்து தூக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது திருகு. பல அலுமினிய யோயோக்களில் இருப்பது தலையில்லாத எம்4 (4 மி.மீ. தடிமன்) கிரப் ஸ்க்ரூ. பெரும்பாலும் ஒரு பாதியிலேயே தங்கியிருக்கும், முனையில் இருக்கும் குழியில் 2 மி.மீ. ஆலன் கீயை (அறுகோணச் சாவி) போட்டு வெளியே எடுக்கலாம். என் அக்கா மகனின் யோயோவும் இப்படித்தான் மாடிப்படியில் விழுந்தது. திருகைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், நேராகத்தான் தெரிந்தது. அப்புறம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்து, அதன்மேல் உருட்டி, பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடித்தோம். திருகுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தோன்றித் தோன்றி மறைந்தது. வளைவு அதுதான். பழைய திருகைக் கையோடு ஹார்ட்வேர் கடைக்குக் கொண்டுபோய், அதே நீளத்தில், அதே மரையில் ஒன்று வாங்கினோம். பத்து ரூபாய்கூட ஆகவில்லை. நீளம் மாறினால் இரண்டு பாதியும் சரியாக நெருங்காது, ஆகவே கட்டாயம் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். வளைந்ததை நிமிர்த்திப் போடவேண்டாம், அது முழுசாக நேராகாது.

புதுத் திருகு போட்ட பிறகும் கொஞ்சம் அதிர்வு மிச்சமிருக்கலாம். அப்போது பொறுமைதான் வேண்டும். திருகு இரண்டு பாதியிலும் ஏறக்குறைய சமமாக ஏறும்படி வைத்து மூடுங்கள். சுற்றவிட்டு, விரல் நகத்தை விளிம்பில் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நேராகச் சுற்றினால் நகத்தில் ஒரே சீரான உரசல், ஆடினால் கடகடவென்று தட்டும். தட்டினால் கழற்றி, திருகை ஒரு பாதிக்குள் கால் சுற்று கூடுதலாக ஏற்றி மறுபடி மூடுங்கள். திருகைத் தலைகீழாக மாற்றியும் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஐந்தாவது தடவையில் அடங்கியது.

ஒரே ஒரு எச்சரிக்கை: முறுக்கி முறுக்கி இறுக்காதீர்கள். திருகு எஃகு, உடல் அலுமினியம். பலம் காட்டினால் உள்ளே இருக்கும் மரை போய்விடும். வளைந்த திருகை மாற்றிக்கொள்ளலாம், மரை போனால் யோயோவே போனமாதிரிதான். கையால் இறுக்கி, நழுவாமல் நின்றால் போதும்.

விளிம்பில் இருக்கும் ஒடுக்கைத் தட்டி நிமிர்த்தவேண்டாம். அங்கே பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் நூலையும் விரலையும் அறுக்கும். 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து அந்த இடத்தை மட்டும் தேய்த்து, 800 நம்பரில் முடியுங்கள். வடு இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து ஆட்டம் குறையவே இல்லை என்றால் பேரிங் உட்காரும் இடமே நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். லேத் பட்டறையில் கொடுத்து எடுக்கச்சொல்ல நான் சிபாரிசு செய்யமாட்டேன். இந்தக் கிண்ண வடிவத்தை லேத்தின் பிடிப்பானில் (சக்) நேராகப் பிடிப்பதே கஷ்டம், இருப்பதும் கெட்டுப்போகும். புதிதைப் பற்றி அப்போது யோசியுங்கள். நகத்தில் மட்டும் தெரிந்து, விளையாடும்போது நூலில் தெரியாத அதிர்வு என்றால் அப்படியே விளையாடலாம்.

கடையில் மாற்றித் தரச்சொல்லிக் கேட்பதைப் பொறுத்தவரை, வேண்டாம். மூன்று வாரம் நன்றாகச் சுற்றி, நம் கையிலிருந்து விழுந்தது. அதைத் தயாரிப்புக் குறை என்று சொல்வது சரியில்லை. புதிது வாங்காமல் மிச்சமாகும் பணத்தில் பத்து நூல் வாங்கி வையுங்கள். நூல் நைந்து வெளுத்ததும் மாற்றிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குக் காரணமே பழைய நூல்தான்.

கேள்வி: எங்களுடைய யோயோ விழவே இல்லை. பெட்டியைப் பிரித்த நாளிலிருந்தே ஆடுகிறது. கடைக்காரர் பில்லைக் காட்டுகிறார், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருக்கிறது.
– வாசகர், சேலம்

பதில்: உங்கள் விஷயம் வேறு. நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கால அளவு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் கேட்கவேண்டும். அந்த அச்சடித்த வரியைப் பார்த்துத் திரும்பிவராதீர்கள். பில்லோடு போய், எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையம்வரை போகவேண்டி வந்தாலும் 5 லட்சம் ரூபாய்வரையுள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது.

ஆனால் நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள். மரையில் ஒரு கீறல் விழுந்தாலும் பழி உங்கள்மேல் வரும். யோயோ சுற்றுவதைப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்தில் வைத்து வீடியோ எடுங்கள், விளிம்பில் அடிபட்ட தடம் எதுவும் இல்லை என்பதும் அதில் தெரியட்டும்.