வாவிக்கரையிலிருந்து பால்வீதியின் ஓரத்தை அளக்க முடியுமா?

கேள்வி: மட்டக்களப்பில் பௌதிகவியல் இறுதியாண்டு படிக்கிறேன். மாறொளி விண்மீன்களைக் கொண்டு பால்வீதியின் ஹாலோவை, அதாவது அதன் தட்டைச் சூழ்ந்து பரந்திருக்கும் கோளவடிவப் புறப்பகுதியை, ஆராய விருப்பம். கையில் மடிக்கணினி மட்டுமே இருக்கிறது. தொலைநோக்கி இல்லை, மாரி தொடங்கினால் வானமும் இல்லை. முடியுமா?

பதில்: மழை பெய்யட்டும். உங்களுக்கு வேண்டிய வானத்தை ஏற்கனவே படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். விண்மீன்களை அளந்த ஐரோப்பிய விண்கலமான கையாவின் 2022 தரவில் மட்டும் ஏறத்தாழ 2,70,000 ஆர்ஆர் லைரே விண்மீன்கள் உள்ளன. இவை ஒரு நாளுக்கும் குறைவான காலத்தில் பொங்கி வற்றி ஒளி மாறும் வகை. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

ஆயிரம் கோடி ஆண்டைக் கடந்த இவை ஹாலோவின் பழங்குடிகள். உண்மையான ஒளிர்வும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒன்றே. வாவியில் எல்லாத் தோணிகளிலும் ஒரே மாதிரி விளக்கு எரிந்தால், மங்கலானது தூரத்தில் நிற்கிறது என்று கல்லடிப் பாலத்தில் நின்றே சொல்லிவிடலாம். பொலிவெண் கூடக்கூட விண்மீன் மங்கலாகும். தனிப் பொலிவெண் (உண்மையான ஒளிர்வு) 0.6, தோற்றப் பொலிவெண் (நமக்குத் தெரிவது) 15.6 என்றால் தூரம் சுமார் 32,600 ஒளியாண்டு. பனிமூட்டம் விளக்கை மங்கவைப்பதுபோல் விண்வெளித் தூசும் ஏமாற்றும். பால்வீதிப் பட்டையின் பக்கம் போகாதீர்கள்.

பலர் சறுக்குவது ஆவர்த்தனகாலத்தில், அதாவது ஒளி ஒரு சுற்று மாற எடுக்கும் நேரத்தில். தரைத் தொலைநோக்கி இரவில் மட்டுமே பார்ப்பதால், நாளுக்கு ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் தரவில் எளிதில் தெரியாது. இவ்வகைக்குப் பெயர் தந்த ஆர்ஆர் லைரே விண்மீனின் காலம் 0.567 நாள், மீடிறன் நாளுக்கு 1.764 சுற்று. கணினி 0.764 என்று பிடித்தால் 1.31 நாளாகிவிடும்; அதை உடனே சந்தேகிப்பீர்கள். 2.764 என்று பிடித்தால் 0.362 நாள். இதுதான் ஆபத்து, ஏனெனில் அது ஆர்ஆர் லைரே வகையின் இன்னோர் உபவகைக்கு இயல்பான காலம். எண்ணை நம்பாமல், நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் ஒளிவரைபை அந்தக் காலத்தால் மடித்து, எல்லாச் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். செங்குத்தாக ஏறி ஆறுதலாக இறங்கினால் நல்லது. ஏற்றமும் இறக்கமும் ஒன்றுபோல் இருந்தால், ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீனாகவும் இருக்கலாம். அப்படியொன்றை ஒரு வாரம் கொண்டாடிய பிறகே எனக்கு இது விளங்கியது.

முழுப் பட்டியலையும் தொடாதீர்கள். கன்னி விண்மீன் குழுப் பக்கம் ஒரு துண்டு வானம் போதும். 1994இல் கண்டறியப்பட்ட தனுசுக் குறு விண்மீன் மண்டலத்தைப் பால்வீதி கிழித்துக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து பிய்ந்த விண்மீன்களின் ஓடை அங்கே சுமார் ஒன்றரை இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் கடக்கிறது. அந்த விண்மீன்களின் பொலிவெண் 19 அளவில் இருக்கும். கலிபோர்னியாவின் பலோமார் வானாய்வகத் தொலைநோக்கி வானத்தைத் திரும்பத் திரும்பப் படம்பிடிக்கும் இசட்டிஎஃப் வானளவைக்கு அது எட்டும். தூரங்களை எண்ணிப் பட்டை வரைபாக்கினால் அந்த இடத்தில் ஒரு மேடு எழ வேண்டும். எழாவிட்டால் முதலில் ஆவர்த்தனகாலங்களைத் திரும்பப் பாருங்கள்.

கச்சான் காற்று வீசும் ஆவணியில், இரவு பத்து மணியளவில், வடக்கே வேகா, டெனெப் என்ற இரு பிரகாசமான விண்மீன்களுக்கு இடையில் இருகண் நோக்கியைத் திருப்பினால் ஆர்ஆர் லைரே விண்மீனையே பிடிக்கலாம். 13 மணி 36 நிமிடத்துக்கு ஒரு சுற்று. இரண்டு மூன்று இரவு பார்த்துக் கொப்பியில் குறித்து வையுங்கள்.