‘வேண்டாம்’ என்று சொன்னால் என்ன நடக்கிறது?

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. ஊர் பாலக்கோடு பக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் இருக்கிறேன். நான்கு வருடமாக ஒருவரைக் காதலிக்கிறேன். ‘நீ வீணா செலவு பண்ணுவே’ என்று என் ஏ.டி.எம். கார்டை அவரே வாங்கி வைத்துக்கொண்டார். ஷிப்ட் முடிந்ததும் லொகேஷன் அனுப்ப வேண்டும். போன மாதம் கூட வேலை செய்யும் ஒருவரோடு பேசிக்கொண்டு வந்ததைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டில் வைத்து அறைந்துவிட்டார். மறுநாள் கம்பெனி கேட்டில் நின்று அழுதார். நல்லவர்தான், கோபம் மட்டும்தான். கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமா? விடவும் மனசு வரவில்லை.

– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி

பதில்: சரியாகாது, தங்கச்சி. கிருஷ்ணகிரியில் குடும்ப வழக்குகள் பார்க்கிறவள் நான். ‘கல்யாணத்துக்கு முன்னாடியே கை நீட்டினாருங்க’ என்று என் எதிரே உட்கார்ந்து சொன்ன பெண்கள் நிறைய. அந்தக் கை அப்புறம் தானாக அடங்கியது என்று ஒருத்தியும் சொன்னதில்லை.

அறையைவிட எனக்கு உறுத்தியது அந்த ஏ.டி.எம். கார்டு. அடி கோபத்தில் விழுந்தது என்று நீ சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கார்டு கோபத்திலா போனது? நிதானமாக, அக்கறையாகப் பேசி வாங்கியது அல்லவா அது? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பெண்ணின் பணத்தைப் பறித்து வைத்துக்கொள்வதைப் பொருளாதார வன்முறை என்கிறது. நீங்கள் ஒரே வீட்டில் வாழாததால் அந்தச் சட்டம் உனக்குப் பொருந்தாது. ஆனால் ஒரு மனைவிக்கே செய்யக் கூடாது என்று சட்டம் சொல்கிற காரியத்தை, நீ காதலிக்கும்போதே தாங்கிக்கொண்டிருக்கிறாய்.

கேட்டில் நின்று அழுதது நடிப்பு என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979இல் இதை ஒரு சுழற்சியாக விவரித்தார்: சிடுசிடுப்பு ஏறும், அடி விழும், பிறகு மன்னிப்பும் கொஞ்சலும். ‘நல்லவர்தான்’ என்று உன்னை எழுத வைத்தது அந்தக் கொஞ்சல்தான். அதனால் அவன் அழுததை விடு. இதுவரை நீ ‘வேண்டாம்’ என்று சொன்னபோதெல்லாம் என்ன நடந்தது என்று யோசி. ‘தலை வலிக்குது, இன்னைக்குப் பார்க்க வர முடியாது.’ ‘இந்த ஞாயிறு அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போறேன்.’ இதற்கு ‘சரி, போய்ட்டு வா’ என்றானா? இல்லை, பேசாமல் கிடந்து உன்னைக் கெஞ்ச வைத்தானா?

விடுவதென்று முடிவெடுத்தால், அவனிடம் சொல்வதற்கு முன்பே சில வேலைகளை முடித்துவிடு. பேங்குக்குப் போய்ப் பழைய கார்டை பிளாக் செய்து புதுசு கேள். கணக்கில் பதிவான போன் நம்பர் உன்னுடையதுதானா என்று பார். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ திறந்து, அங்கே உனக்குத் தெரியாத எதுவும் இருந்தால் லாக் அவுட் செய். ஹாஸ்டல் வார்டனுக்கும் வீட்டில் ஒருவருக்காவதும் விஷயம் தெரிந்திருக்கட்டும். அம்மா திட்டுவார் என்று பயமாக இருந்தால் சித்தியிடமாவது, அண்ணியிடமாவது சொல்.

முடிவைப் போனில் சொன்னால் போதும். ‘கடைசியா ஒரு தடவை, ஒகேனக்கல் போய்ட்டு வரலாம்’ என்று கூப்பிட்டால் தயவுசெய்து போகாதே. பிரிகிற நேரம்தான் ஆபத்தான நேரம். வேண்டாம் என்ற பிறகும் விடாமல் பின்னால் வந்தால், பாரதிய நியாய சன்ஹிதா என்கிற தண்டனைச் சட்டத்தின் 78ஆவது பிரிவில் அது குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. பெண்கள் உதவி எண் 181க்கு ராத்திரியிலும் கூப்பிடலாம். வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதே. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும்.

விட்ட பிறகு வலிக்கத்தான் செய்யும். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது லொகேஷன் அனுப்பக் கை தானாகப் போனை எடுக்கும். காதல் இன்னும் பாக்கி இருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் போய்விடாதே. நான்கு வருடப் பழக்கம், போகக் கொஞ்ச நாள் ஆகும்.

கேள்வி: பள்ளிக்கூட நண்பன் அடிக்கடி கைமாற்று வாங்குகிறான். திருப்பிக் கேட்டால் ‘பணம்தான் பெருசா’ என்று நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துகிறான். உறவை முறிக்கலாமா?

– காரிமங்கலம் வாசகர்

பதில்: முறிக்கலாம். நண்பன் என்பதற்காக நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. அடுத்த முறை கேட்டால் ‘இல்லப்பா’ என்பதோடு நிறுத்துங்கள், காரணம் சொல்ல வேண்டாம். பிராமிசரி நோட்டு வாங்கியிருந்தால் உடனே எடுத்துத் தேதியைப் பாருங்கள். கேட்டதும் தர வேண்டிய நோட்டு என்றால், எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.