பட்டறைப் பதில்கள்: அம்பு முனைக்குக் கூர் ஏற்றுதல்

கேள்வி: என் மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கிறார்கள். மாப்பிள்ளை அங்கே முறையாக உரிமம் பெற்று, வில்லால் மான் வேட்டையாடுகிறார். அக்டோபர் 1ஆம் தேதி அதற்கான பருவம் தொடங்குகிறது. பறக்கும்போது மடங்கியிருந்து பின்னர் விரியும் வகையை விட்டுவிட்டு, அலகு அசையாமல் நிற்கும் பிராட்ஹெட் (வெட்டும் அலகுகள் கொண்ட வேட்டை அம்பு முனை) வகையையே அவர் பயன்படுத்துகிறார். தீட்டியவுடன் கை முடியை மழிக்கும் அளவுக்குக் கூர் இருக்கிறது, ஆனால் அது நிற்பதில்லை என்கிறார். "மாமா, நீங்கள் டூல் ரூமில் இருந்தவர்தானே, சொல்லுங்கள்" என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் லேத் டூல்தான். என்ன சொல்லட்டும்?
— வாசகர், ஜாலஹள்ளி, பெங்களூரு

பதில்: தங்கள் மாப்பிள்ளையின் கவலை நியாயமானது. துப்பாக்கிக் குண்டு தன் வேகத்தாலேயே உடலுக்குள் பெரும் சிதைவை உண்டாக்கிவிடும். அம்புக்கு அந்த வேகம் கிடையாது. இரத்தக் குழாய்களை வெட்டி, இரத்தம் வெளியேறச் செய்துதான் அது உயிரைப் போக்குகிறது. மழுங்கிய அலகு குழாயை ஒதுக்கித் தள்ளும் அல்லது பிய்த்துவிடும். பிய்ந்த இடத்தில் இரத்தம் சீக்கிரம் உறையும், கூரான அலகு வெட்டிய இடத்தில் அவ்வளவு எளிதில் உறையாது. அம்பு பட்ட மான் சிறிது தூரத்திலேயே விழுந்துவிடுவதும், காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் துடிப்பதும், குறிக்கு அடுத்தபடியாகக் கூரைப் பொறுத்தே அமைகின்றன. வேட்டையில் எனக்கு விருப்பமில்லை. ஆயினும் சட்டப்படி அதைச் செய்பவர் இந்த ஒன்றில் சோம்பல்படக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

கூர் நிற்காததற்கு எனக்குத் தோன்றும் முதல் காரணம் பிசிறு, நம் பட்டறை மொழியில் சொன்னால் பர். அலகை ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, விளிம்பில் மீதமிருக்கும் உலோகம் இழைபோல் மெலிந்து மறுபக்கம் மடியும். இந்த இழையும் முடியை மழிக்கும், காகிதத்தையும் வெட்டும். அதனால்தான் முடி மழிக்கும் சோதனையை நான் நம்புவதில்லை. தோலிலோ எலும்பிலோ பட்ட கணத்தில் அந்த இழை சாய்ந்துவிடும், அதற்குக் கீழே இருப்பது மழுங்கல். நான் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்த புதிதில், எங்கள் மேஸ்திரி சிறு பஞ்சுத் துணுக்கு ஒன்றை அலகின் உடலிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே மெல்ல இழுத்துக் காட்டுவார். பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சின் நூல் சிக்கி, வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாததைப் பஞ்சு காட்டிக்கொடுக்கும். மாப்பிள்ளை முதலில் இதைச் செய்து பார்க்கட்டும்.

இரண்டு அலகு முனைக்குப் பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை வரை சரிவு வைப்பது வழக்கம். ஏற்கெனவே இருக்கும் சரிவின் மேல் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசி, கல்லில் இரண்டு முறை இழுத்துப் பார்த்தால், மை எங்கே அழிகிறது என்பதிலிருந்து கோணம் சரியா என்பது தெரிந்துவிடும். விளிம்பை ஒட்டி மை மீதமிருந்தால் அலகு தாழ்ந்திருக்கிறது. விளிம்பில் மட்டும் அழிந்தால் உயர்ந்திருக்கிறது. அடியிலிருந்து நுனி வரை முழு நீளத்துக்கும் பிசிறு எழும்பும்வரை ஒரே பக்கத்தைத் தீட்ட வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பாதி நீளத்தில் பிசிறு வந்தவுடனே திருப்பிவிடுகிறார்கள். பிறகு மறுபக்கத்தையும் அவ்வாறே தீட்டி, அதன்பின் மென்மையான கல்லில் பக்கத்துக்குப் பத்து இழுப்பு, ஐந்து, மூன்று, ஒன்று என்று எண்ணிக்கையையும் அழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே வந்தால் பிசிறு தேய்ந்துவிடும். எஞ்சியதை, பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு தடவிய தோல் வாரில், விளிம்பு பின்னால் வருமாறு இழுத்து நீக்கலாம். விளிம்பை முன்னால் தள்ளினால் வார்தான் கிழியும்.

ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள முனையாக இருந்தால், தட்டையான பக்கத்துக்குச் சரிவே வைக்கக் கூடாது. கல்லில் முழுவதும் படிய வைத்துப் பிசிறை மட்டும் எடுக்க வேண்டும்.

மூன்று அலகு முனை இன்னும் எளிது. அலகுகள் ஒன்றுக்கொன்று 120 பாகையில் நிற்பதால், முனையைக் கல்லின் மேல் கிடத்தும்போது இரண்டு விளிம்புகள் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும், ஒவ்வொன்றுக்கும் 30 பாகைச் சரிவு தானாகவே அமையும். கை கோணத்தைத் தேட வேண்டியதில்லை. இரு பக்கமும் சேர்ந்து 60 பாகை என்பது தடித்த விளிம்புதான், ஆனால் எலும்பைத் தாங்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மூன்று நிலைகளிலும் இழுப்புகளின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். 125 கிரெயின் முனை என்பது ஏறக்குறைய 8.1 கிராம்தான், ஒரு பக்கம் அதிகம் தேய்ந்தால் பறக்கும்போது அம்பு தள்ளாடும். தீட்டி முடித்தபின் முனையை அம்பில் பொருத்தி, நுனியை மரப்பலகையில் ஊன்றிச் சுழற்றிப் பார்த்தால், ஆட்டம் இருக்கிறதா என்பது உடனே தெரியும்.

அவர் மாநிலத்திலேயே, கிரேலிங் ஊரில் வில் தொழிற்சாலை நடத்திய ஃபிரெட் பேர், 1956இல் ரேசர்ஹெட் என்ற முனையைக் கொண்டுவந்தார். இரண்டு தடித்த அலகுகளுக்குக் குறுக்கே கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய அலகு ஒன்றைச் செருகும் அமைப்பு அது. இப்படிப்பட்ட மெல்லிய துணை அலகுகளைத் தீட்ட முயலாமல் புதிதாக மாற்றிவிடுவதே நல்லது.

கடைசிச் சோதனைக்கு ரப்பர் பேண்டை விரல்களுக்கு இடையே லேசாக இழுத்துப் பிடித்து, அலகை அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். அழுத்தாமலே அறுந்தால் கூர் சரி. அழுத்த வேண்டியிருந்தால் மீண்டும் கல்லுக்குத் திரும்ப வேண்டும். எந்த நிலையிலும் முனையை வெறும் விரல்களால் பிடிக்கக் கூடாது. உடைந்த அம்பின் ஒரு சாண் துண்டில் திருகிப் பொருத்திக்கொண்டால், அதுவே நல்ல கைப்பிடி ஆகும்.

கேள்வி: மேற்படி வேலையைப் பெஞ்ச் கிரைண்டரில் விரைவாக முடிக்கலாமே?
— வாசகர், அல்சூர்

பதில்: வேண்டாம். அலகு மெல்லியது என்பதால் சக்கரத்தில் தொட்ட சில நொடிகளிலேயே சூடேறிவிடும். விளிம்பு நீலம் பாய்ந்தால், ஏறக்குறைய 300 டிகிரி செல்சியசைத் தொட்டுவிட்டது, பதம் இறங்கிவிட்டது என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் மழுங்கிக்கொண்டே இருக்கும். அரத்தைப் பயன்படுத்தலாம், அதுவும் அலகின் எஃகு அரத்தைவிட மென்மையாக இருந்தால்தான். அரம் கடிக்காமல் வழுக்கினால் வைரத்தூள் பதித்த தகடே வழி.

கேள்வி: அந்த மிச்சிகன் மாப்பிள்ளை இங்கே விடுமுறைக்கு வரும்போது குடகுப் பக்கம் போய் வில்லைச் சோதித்துப் பார்க்கலாமா?
— வாசகர், காக்ஸ் டவுன்

பதில்: கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வேட்டையைத் தடை செய்கிறது. கொல்வது மட்டுமன்றி, கண்ணி வைப்பதும், முயன்று பார்ப்பதும்கூட அச்சட்டத்தின்படி வேட்டையே. வில் பழக வேண்டுமென்றால் பயிற்சி மைதானத்தில், சாதாரணக் குறிமுனையோடு பழகட்டும். மிச்சிகனிலும் பயிற்சிக்கென்று ஒரு முனையைத் தனியே ஒதுக்கி வைப்பது நல்லது, ஏனெனில் நுரைப்பஞ்சு இலக்கில் சில முறை பாய்ந்தாலே தீட்டிய கூர் போய்விடும். பருவத்துக்கென்று தீட்டியவற்றின் விளிம்பில் வாசலின் பூசி, துருவேறாமல் மூடி வைத்து, காட்டுக்குப் புறப்படும் காலையில் ரப்பர் பேண்டை வைத்து மறுபடியும் சோதித்துவிட்டே அம்பறாத்தூணியில் செருக வேண்டும்.