உள்மாற்றம் மறுப்பு, பிறகு ஆட்குறைப்பு: பெங்களூரு ஐ.டி. ஊழியர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி (பெல்லந்தூர்): சார், வேறு டீமில் இன்டர்வியூ முடிந்து என்னை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். என் மேனேஜர் ரிலீஸ் தரவில்லை. மூன்றே வாரத்தில் ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர். மறுத்தது சட்டப்படி தவறா?

பதில்: மறுப்பு மட்டும் தவறாகாது. உள்மாற்றம், அதாவது கம்பெனிக்குள்ளேயே வேறு டீமுக்கு மாறுவது, நிர்வாகத்தின் கையில் இருப்பது. ஆஃபர் லெட்டரிலோ ஹெச்.ஆர். பாலிசியிலோ ‘இத்தனை நாளில் ரிலீஸ்’ என்று எழுதியிருந்தால்தான் நேரடியாகக் கேட்க முடியும். ஆனாலும் அந்த மறுப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், இரண்டு இடங்களில் உதவும். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி, ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். ஜூனியரை வைத்துக்கொண்டு உங்களை அனுப்பினால் நிர்வாகம் காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அடுத்தது, ஓராண்டுக்குள் ஆள் எடுத்தால் ஆட்குறைப்பில் போனவர்களுக்கு வாய்ப்பு தர வேண்டும். ஆள் தேவைப்பட்டது என்பதற்கு நீங்கள் தேர்வான காலியிடமே சான்று; அதன் எண், விளம்பரத் தேதி, இன்டர்வியூ தேதி எல்லாவற்றையும் கையால் குறித்து வையுங்கள். ஆபீஸ் மெயில்களை மொத்தமாக ஜிமெயிலுக்கு அனுப்ப வேண்டாம். ‘ரகசியத் தகவல் கசிவு’ என்று அதையே உங்கள் மேல் திருப்புவார்கள். உங்கள் சொந்த மெயிலிலிருந்து ஹெச்.ஆருக்கு, மறுப்புக்கான காரணத்தைக் கேட்டு நாலு வரி எழுதினால் போதும்.

கேள்வி (மாரத்தஹள்ளி): அண்ணா, ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம் தருகிறோம், மறுத்தால் டெர்மினேஷன் என்கிறார்கள். இன்றே கையெழுத்துப் போடவும் சொல்கிறார்கள்.

பதில்: இன்று போடாதீர்கள். நீங்களாக விலகினால் அது ஆட்குறைப்பே அல்ல, இழப்பீடும் இல்லை. கணக்கைப் பாருங்கள். சட்டப்படியான ஊதியம் மாதம் 90,000, சர்வீஸ் 6 வருடம் 8 மாதம் என்றால், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு வருடமாவதால் 7 வருடம். வருடத்துக்கு 15 நாள் ஊதியம்: 45,000 × 7 = 3,15,000. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான ஊதியம் 90,000. வேலை இழந்தவர் புதுத் திறன் கற்பதற்கான மறுதிறன் நிதியிலிருந்து 15 நாள் ஊதியம் 45,000, இது 45 நாளுக்குள் கணக்கில் விழும். ஆக 4,50,000. அவர்கள் நீட்டுவது 1,80,000! கிராஜுவிட்டி தனி: 90,000 × 15 ÷ 26 × 7 = சுமார் 3,63,460. ராஜினாமா செய்தாலும் ஐந்து வருடம் முடித்தவருக்கு இது உண்டு. ஆகவே ‘கிராஜுவிட்டியும் தருகிறோம்’ என்று சலுகைபோலச் சொன்னால் ஏமாறாதீர்கள். பாக்கிச் சம்பளம் வேலை போன இரண்டு வேலைநாளில் வர வேண்டும். கையெழுத்துப் போட்டே தீர வேண்டிய நிலை வந்தால், ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிப் போடுங்கள்.

ஒரு குழப்பம்: நாம் லே-ஆஃப் என்கிறோம். சட்டத்தில் லே-ஆஃப் என்பது தற்காலிகமாக வேலை தராமலிருப்பது. மனுவில் ‘ஆட்குறைப்பு’ என்றே எழுதுங்கள்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): நான் டீம் லீட். எனக்கும் பொருந்துமா?

பதில்: இந்தச் சட்டம் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவருக்குத்தான்; அதை விசிட்டிங் கார்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை. நாள் முழுக்க கோடு எழுதினால் நீங்கள் தொழிலாளர்தான், தொழில்நுட்ப வேலைக்குச் சம்பள வரம்பு கிடையாது. லீவு அனுமதி, அப்ரைசல், ஆள் எடுப்பது ஆகியவையே முக்கிய வேலை என்றால் மேலாண்மைப் பணி என்பார்கள். மேற்பார்வை வேலை என்றால், ஊதியம் மாதம் 18,000-ஐத் தாண்டினாலே தொழிலாளர் கணக்கில் வரமாட்டீர்கள். அப்போது கையில் மிஞ்சுவது அப்பாயின்ட்மென்ட் லெட்டர் நிபந்தனைதான்.

கேள்வி (கே.ஆர்.புரம்): பிரசவ விடுப்பில் இருக்கிறேன். ‘திரும்பி வரும்போது பார்க்கலாம்’ என்று மாற்றலை நிறுத்திவிட்டு, இப்போது நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள்.

பதில்: அம்மா, உங்கள் நிலைமை மற்றவர்களுடையதைவிட வலுவானது. மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது நீக்குவதும், விடுப்புக்குள் முடியும்படி நோட்டீஸ் கொடுப்பதும் சட்டவிரோதம். மேல்முறையீட்டுக்கு உத்தரவு கிடைத்ததிலிருந்து 60 நாள்தான், தள்ளிப்போடாதீர்கள். அந்த ‘பார்க்கலாம்’ மெசேஜை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி (எலெக்ட்ரானிக் சிட்டி): எங்கே போய் மனு கொடுப்பது?

பதில்: வேலை இன்னும் இருந்தால் கம்பெனியின் குறைதீர்ப்புக் குழு. 20 தொழிலாளர் இருந்தாலே குழு வேண்டும், மனு ஓராண்டுக்குள் போக வேண்டும். மாற்றல் மறுப்புக்கு இதுதான் இடம். வேலை போய்விட்டால் நேரே பன்னர்கட்டா சாலையில் தொழிலாளர் துறை இருக்கும் கார்மிக பவனில் சமரச அதிகாரியிடம். 45 நாளில் தீராவிட்டால் தொழில் தீர்ப்பாயத்துக்கு நீங்களே போகலாம், வேலை போன நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள். கன்னடம் வராவிட்டால் ஆங்கிலத்தில் எழுதுங்கள்; இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.