செயற்கை நுண்ணறிவு (ஏஐ) வந்தால் மென்பொருள் உருவாக்குநர்களின் வேலை போய்விடுமா?

தொழிலே அழிந்துவிடாது. ஆனால் புதிதாக நுழைகிறவர்களுக்கு வாசல் குறுகும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தப் பேச்சு பழையதுதான். நிரல் எழுதுவதும் பிழை தேடுவதும் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும் என்று ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியை உருவாக்கிய ஐபிஎம் குழு 1954லேயே அறிக்கையில் எழுதியது. நடந்ததோ நேர்மாறு. எழுதுவது எளிதாக ஆக, அதுவரை யாரும் நினைக்காத இடங்களிலும் மென்பொருள் தேவைப்பட்டது.

இப்போதைய ஏஐ கருவிகள் உண்மையிலேயே திறமையானவை. ஆனாலும் 2025இல் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு நடத்திய சோதனையைப் பாருங்கள். அனுபவம் வாய்ந்த 16 உருவாக்குநர்கள், தங்களுக்கு நன்கு பழகிய திறமூலத் திட்டங்களில் (நிரலை எவரும் பார்க்கக்கூடிய மென்பொருள்களில்) 246 பணிகளைச் செய்தார்கள். ஏஐ பயன்படுத்த அனுமதித்த பணிகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள்! கருவிகள் அப்புறம் மேம்பட்டிருக்கின்றன, அதனால் அந்த எண்ணையே பிடித்துக்கொள்ள வேண்டாம். நம் கணிப்புக்கும் கடிகாரத்துக்கும் அவ்வளவு இடைவெளி இருந்ததுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

'ஆர்டரை ரத்து செய்ய ஒரு பட்டன் வேண்டும்' என்கிறார் வாடிக்கையாளர். சரி, பாதிப் பொருள் ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தால்? கூப்பனில் கழித்த தொகை திரும்ப வருமா? பட்டனை ஏஐ நொடியில் எழுதிவிடும். இந்தக் கேள்விகளைக் கேட்டு முடிவெடுப்பதும், தவறினால் பொறுப்பேற்பதும் மனிதர் வேலை.

நீங்கள் மாணவர் என்றால், ஏஐ எழுதித் தரும் ஒவ்வொரு வரியையும் இன்னொருவருக்கு விளக்க முடிகிற அளவுக்குப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.