கடாரத்தின் துறைமுகம் எங்கே போயிற்று? – கடிதமும் பதிலும்

வணக்கம். ராஜேந்திர சோழன் வென்ற கடாரம்தான் இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம் என்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் அந்தக் கரையில் சொல்லும்படி பெரிய துறைமுகம் எதுவும் இல்லை, முழுக்க நெல்வயல். அந்தத் துறைமுகம் எங்கே போயிற்று? கடலோரத் தட்டை நிலத்தில் இரண்டு போகம் எப்படி எடுக்கிறார்கள்? நான் டெல்டாக்காரன், தண்ணீர்க் கணக்கோடு சொன்னால் புரியும்.
ந., மன்னார்குடி

அன்புள்ள ந.,

துறைமுகத்தைத் தூர்த்ததும் வயலைக் கொடுத்ததும் ஒரே வண்டல்தான்.

கெடாக் கரையில் ஜெராய் என்றொரு மலை, 1,217 மீட்டர். வங்கக் கடலைக் கடந்து வரும் மாலுமிக்குத் தூரத்திலேயே தெரியும் அடையாளம். ஒரு காலத்தில் கடல் அதன் அடிவாரம் வரை இருந்தது. மலைக்குத் தெற்கே மெர்போக், மூடா ஆறுகளை ஒட்டியது பூஜாங் பள்ளத்தாக்கு. அங்கே சுங்கை பத்து என்ற இடத்தில் செங்கல் படகுத்துறைகளின் அடித்தளங்களும் இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்திருக்கின்றன. உலைக்குக் காற்று செலுத்திய சுட்டமண் ஊதுகுழாய்கள் உடைந்து குவியல் குவியலாகக் கிடந்தன. ஒரு முனை உருகிக் கறுத்திருக்கும், அது நெருப்புக்குள் இருந்த பக்கம். அந்தப் படகுத்துறைகள் இருக்கும் இடம் இன்று உள்நாட்டு நிலம்.

ஆறு தடம் மாற மாற வணிகமும் இடம் மாறியது. முதலில் சுங்கை மாஸ், பிறகு பெங்காலான் பூஜாங். 1025-இல் சோழர் படை வந்ததோடு கடாரம் அழிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெங்காலான் பூஜாங்கில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள் அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளிலும் வணிகம் நடந்ததைக் காட்டுகின்றன. படையெடுப்பு ஒரு அடி, அவ்வளவே. வண்டல்தான் விடாமல் வேலை செய்தது. கடைசியில் 1786-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் குடியேற்றம் அமைத்தார். தீவுக்கும் கரைக்கும் இடையே கப்பல் நிற்க ஆழமான நீர் இருந்தது. கடாரத்தின் துறைமுக வேலை அங்கே போய்விட்டது. 1821-இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) கெடாமீது படையெடுத்தது, 1909 ஒப்பந்தத்தில் கெடா பிரிட்டிஷார் கைக்கு மாறியது.

இனி வயல். ஜெராய்க்கு வடக்கே ஏறக்குறைய 65 கிலோமீட்டர் நீளம், 20 கிலோமீட்டர் அகலத்துக்குக் கடற்களிமண் சமவெளி. சரிவு மிகக் குறைவு: 5,000 மீட்டர் போனால் ஒரு மீட்டர், சில இடங்களில் 10,000 மீட்டருக்கு ஒரு மீட்டர். தண்ணீர் வருவதும் மெதுவாக, வடிவதும் மெதுவாக. அதனால் இங்கே முதல் வேலை வடிகால். 1885-இல் தொடங்கி கெடாவின் அமைச்சர் வான் முகமது சமான், தலைநகர் அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் அடிவாரத்துக் குருண் வரை சுமார் 35 கிலோமீட்டர் கால்வாயை ஆட்களைக் கொண்டே வெட்டினார். கடலோரத்தில் கரையும் ஷட்டர்களும் உண்டு. கடல் ஏறும்போது மூடி, இறங்கும்போது திறக்க வேண்டும். ஷட்டர் கசிந்தால் உப்பு உள்ளே வந்துவிடும். அலையாத்திக் காடு இருந்த மண்ணை அளவுக்கு மீறி வடித்துக் காயவிட்டால் வேறு ஆபத்து: அதிலுள்ள கந்தகம் காற்றுபட்டு அமிலமாகும், பயிர் கருகும்.

இரண்டு போகம் வந்தது 1970-இல், மூடா பாசனத் திட்டத்தால். இதன் அமைப்பை நீங்கள் ரசிப்பீர்கள். மூடா அணைக்கு நீர்பிடிப்புப் பரப்பு பெரிது, கொள்ளளவு சிறிது. பெடு அணைக்கு நேர்மாறு. இரண்டையும் ஆறரை கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கத்தால் இணைத்து, மூடாவில் சேரும் நீரைப் பெடுவில் தேக்குகிறார்கள். ஆனாலும் பயிரின் தேவையில் ஏறக்குறைய பாதியைத் தருவது வயலில் நேராகப் பெய்யும் மழைதான். பெடுவில் திறந்த நீர் வயலுக்கு வரச் சில நாட்களாகும். நடுவில் மழை பெய்தால் அணை நீர் வீணாகக் கடலுக்குப் போகும். ஆகவே ஷட்டர் திறப்பவர் ஆற்று நீரையும் மழையையும் முதலில் கணக்கில் எடுத்துவிட்டு மிச்சத்துக்குத்தான் அணையைத் தொடுகிறார். அணை கட்டிய தொடக்கத்தில் வாய்க்கால் ஹெக்டேருக்குப் பத்து மீட்டர் அளவில்தான் இருந்தது. வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ந்ததால் கடைமடை வாரக்கணக்கில் காத்திருந்தது. பிறகுதான் கிளை வாய்க்கால்கள் வெட்டினார்கள். இன்று மலேசிய நெல்லில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு, பக்கத்து மாநிலமான பெர்லிஸின் ஒரு பகுதியும் சேர்ந்த இந்தப் பாசனப் பரப்பிலிருந்து வருகிறது.

அணையோடு பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் கதிர்விடும் ரகமும் வேண்டியிருந்தது. அப்படி 1965-இல் வந்தது மஹ்சூரி. மலாயாவின் மாயாங் எபோஸ், தைவானின் தாய்சுங் 65 ஆகியவற்றின் கலப்பு. நம் வெள்ளைப் பொன்னியும் இதே கலப்பிலிருந்து வந்ததே.

கோளாறுகளும் இரண்டு போகத்தோடுதான் வந்தன. வயல் காயவே நேரமில்லாததால் அடிமண் இறுக்கம் போயிற்று. அறுவடை இயந்திரம் புதைந்து பள்ளம் விழுகிறது. அடுத்த போகத்தில் நிலம் மட்டமாக இருக்காது, மேட்டில் களை, பள்ளத்தில் விதை அழுகல். அறுப்புக்கு இரண்டு வாரமாவது முன்னால் நீரை வடித்தே ஆகவேண்டும்.

அதைவிடப் பெரிய தலைவலி களைநெல். 1980-களில் ஆள் பற்றாக்குறையால் நடவு போய் நேரடி விதைப்பு வந்ததும் இது பரவியது. நெல்லேதான், ஆனால் அறுப்புக்கு முன்னால் உதிர்ந்து மண்ணுக்குள் காத்திருக்கும். இரண்டும் ஒரே இனம் என்பதால் சாதாரணக் களைக்கொல்லி மருந்துக்கு வித்தியாசம் தெரியாது. 2010-இல் மருந்து தாங்கும் ரகம் கொடுத்தார்கள். அதையே போகத்துக்குப் போகம் போட்ட வயல்களில் களைநெல்லுக்கும் அந்தத் தாங்கும் குணம் வந்துவிட்டது. நிலைத்துப் பலன் தரும் வழி பழையதுதான்: நீர் பாய்ச்சி முளைக்கவிட்டு உழுது அழித்து, மறுபடியும் ஒருமுறை அப்படியே செய்து, பிறகு நீர் நிற்கும் வயலில் விதைப்பது, அல்லது இயந்திர நடவு. அடுத்தவர் வயலில் அறுத்துவிட்டு வரும் இயந்திரத்தைச் சுத்தம் செய்யாமல் உள்ளே விடக்கூடாது.

கெடா வெறும் நெல் மாநிலம் என்று எண்ண வேண்டாம். 1996-இல் திறந்த கூலிம் தொழில்நுட்பப் பூங்காவில் சிப் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. அவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். பினாங்கின் குடிநீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து எடுப்பது. அந்த ஆற்றின் தலைப்பகுதியான உலு மூடா காட்டில் மரம் வெட்டுவது குறித்துத் தகராறு உண்டு, தண்ணீருக்குப் பினாங்கு பணம் தர வேண்டும் என்று கெடா கேட்கிறது. காவிரியில் நாம் இருக்கும் இடத்தில் அங்கே பினாங்கு இருக்கிறது. மரத்தைத் தொடாமல் இருக்கச் சொல்பவர்கள், அதனால் கெடா இழக்கும் வருமானத்தை ஈடுகட்டுவதே நியாயம் என்பது என் கருத்து.

அன்புடன்.